இருபதாம் நம்பர்

எத்தனை தடவை எண்ணினாலும் பத்தொன்பதுதான் வந்தது.

வருகை ரிஜிஸ்டரைக் கையில் பிடித்தபடி ரிஜிஸ்டரக்கா முன்வரிசையிலிருந்து எண்ணிப் பார்த்தாள். பின்வரிசையிலிருந்து எண்ணிப் பார்த்தாள். ஒருமுறை தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டு "இருபது!" என்று கத்தி, அடுத்த நொடி அசடு வழிந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதரை.

அது ஒரு பழைய விதைக் கிடங்கு. மூட்டைகளை வெளியேற்றி, சுண்ணாம்பு அடித்து, கரும்பலகை மாட்டி, இருபது நாற்காலி போட்டதும் பெண் விவசாயிகள் பயிற்சி மையம் ஆகிவிட்டது. ஹாலை ஒட்டி இருட்டான ஸ்டோர் ரூம். பின்னால் அரை ஏக்கர் சோதனை வயல். இதற்கு நிதி கேட்டு ரிஜிஸ்டரக்கா இரண்டு வருஷம் விண்ணப்பம் எழுதினாள். ஐந்து முறை திரும்பி வந்தது. ஆறாவது முறை நிதி அலுவலகம் சரி என்றது. கூடவே ஒரு நிபந்தனை. முப்பது நாள் பயிற்சியில் தினமும் காலை பத்து மணிக்கு வகுப்பைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தில் இருபது பெண்கள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் ஒரே ஒரு ஆள் குறைந்தாலும் நிதி நிற்கும், வகுப்பு நிற்கும், கடைசி நாளில் குழுவுக்குத் தருவதாகச் சொன்ன பவர் டில்லர் என்ற உழவு மெஷினும் வராது.

அந்த டில்லர்தான் விஷயமே. களை எடுக்க, நாற்று நட, கட்டுச் சுமக்க எல்லாவற்றுக்கும் பெண்கள் வேண்டும். மெஷின் என்று ஒன்று வயலில் இறங்கினால் மட்டும், "தள்ளி நில்லுங்கம்மா." தள்ளி நின்று தள்ளி நின்று பத்தொன்பது பேருக்கும் வரப்பு மனப்பாடமாகியிருந்தது.

"இருபதாம் நம்பர் வரமாட்டாளாம்க்கா," என்றாள் மூன்றாம் நம்பர். மையத்தில் எல்லோருக்கும் நம்பர்தான். நெஞ்சில் குத்திய அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும். மூன்றாம் நம்பருக்கு வாய் கொஞ்சம் நீளம். "குடும்பத் தலைவர் சம்மதக் கடிதம் கேட்டீங்கல்ல? தலைவர் அதை நாலாக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டாராம்."

"நானா கேட்டேன்? நம்ம சார் கேட்டாரு."

சார் என்றால் பயிற்றுநர். கடிதம் இல்லாமல் ஒருத்தியும் உள்ளே வரக் கூடாது என்பது அவர் சட்டம். பத்தரைக்கு வருவார், ஒரு மணிக்குப் போவார்.

"அப்ப நீங்களே உக்காந்துருங்க."

"என் மூஞ்சி அவங்க ஃபைல்ல இருக்குடி. படத்தை அப்புறம் யாரு எடுக்கிறது?"

ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த பதினாலாம் நம்பர் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அங்க ஒரு அம்மா ரொம்ப நேரமா நம்மளயே பாத்துக்கிட்டு நிக்கிறாங்களே. அவங்களக் கூப்பிட்டா வரமாட்டாங்களா?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சோதனை வயலின் நடுவே, கைகளை இரண்டு பக்கமும் விரித்து நின்றது ஓர் உருவம்.

"அடி கூறுகெட்டவளே, அது பொம்மை! காக்கா விரட்ட வச்சது."

"பொம்மையா?" பதினாலாம் நம்பர் ஜன்னலை விட்டு நாற்காலியை நகர்த்தினாள். "காலையில வரும்போது அந்தப் பக்கம் பாத்துல்ல நின்னுச்சு."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நம்பரும் ரிஜிஸ்டரக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேணாம்டி," என்றாள் ரிஜிஸ்டரக்கா.

"மணி பாத்தீங்களாக்கா?"

ஒன்பதே முக்கால்.

பொம்மையைப் பிடுங்கி வந்தது இரண்டு பேர். தலையணை மாதிரி லேசாக இருந்தது. மடக்கி நாற்காலியில் உட்கார வைத்ததும் பெரிய பிரச்சினை எழுந்தது. அதற்கு முகம் இல்லை. வைக்கோல் அடைத்த சாக்கில் கரியால் போட்ட இரண்டு புள்ளிதான் கண்.

ரிஜிஸ்டரக்காவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஸ்டோர் ரூமில் மருந்தடிக்கும் பாடத்துக்காக வாங்கி வைத்த பாதுகாப்பு உடுப்புகள் இருந்தன. கழுத்து முதல் முழங்கால் வரை மஞ்சள் கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கும் வாயும் மூடும் முகமூடி, கையுறை.

"எல்லாரும் போடுங்க. சீக்கிரம்!"

பத்து மணிக்குப் படம் போய்ச் சேர்ந்தது. இருபது மஞ்சள் கோட்டு, இருபது கறுப்புக் கண்ணாடி. யார் வைக்கோல், யார் மனுஷி என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

பத்து ஏழுக்குப் பதில் வந்தது. 'பாதுகாப்பு உணர்வு பாராட்டத்தக்கது. முப்பது நாளும் இதே உடுப்பில் படம் அனுப்பவும்.'

"முப்பது நாளா?" முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல் அலறியது. "வெந்து போயிருவோம்க்கா!"

---

பயிற்றுநருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் பெண்களைப் பார்த்துப் பாடம் நடத்துகிற வழக்கமில்லை. எதிர்ச்சுவரின் உச்சியில் ஒரு காரைப் பெயர்ச்சி இருந்தது. அதற்குத்தான் முழுப் பாடமும்.

ஆனால் கேள்வி கேட்டால் கோபம் வரும். "சார், மண்ணு எதுக்குப் புளிக்குது?" "சார், இதையே மாட்டுச்சாணத்துல பண்ணா ஆகாதா?" பத்தொன்பது பேரும் முகமூடிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முகம் தெரியாததால் கூச்சமும் போய்விட்டிருந்தது. மூன்றாம் நாள் அவர் சாக்பீஸை மேஜையில் போட்டார்.

"பின்வரிசைல இருபதாம் நம்பரைப் பாருங்க! மூணு நாளா ஒரு வார்த்தை பேசியிருப்பாங்களா? தும்மல் உண்டா, இருமல் உண்டா? கண்ணை எடுக்காமப் பாடத்தைக் கவனிக்கிறாங்க. பொம்பளைன்னா அப்படிப் படிக்கணும்!"

பத்தொன்பது முகமூடிகள் ஒன்றாகக் குலுங்கின. பயிற்றுநர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் காலை ரிஜிஸ்டரக்கா கதவைத் திறந்தபோது ஏதோ உறுத்தியது. முந்தின நாள் போகும்போது இருபதாம் நம்பர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். இப்போது அது கரும்பலகையைப் பார்த்து இருந்தது.

"யாருடி திருப்பினது?"

"சாவி உங்ககிட்டயும் சார்கிட்டயும்தானே இருக்கு?" என்றாள் மூன்றாம் நம்பர்.

ஆறாம் நாள்தான் அது நடந்தது. பயிற்றுநர் மருந்துக் கலவை சொல்லிக்கொண்டிருந்தார். "டேங்க்ல தண்ணி நிரப்புங்க. மருந்து நூறு மூடி ஊத்துங்க."

ஹாலில் மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. வேறு சத்தமில்லை. இருபதாம் நம்பரின் தலை மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. பிறகு மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. மறுபடி இடப்பக்கம்.

பக்கத்து நாற்காலியிலிருந்த பதினாலாம் நம்பர் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாலு பேர் நாற்காலியோடு விழுந்தார்கள். ரிஜிஸ்டரக்கா ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டினாள்.

"என்னம்மா, என்னம்மா?" பயிற்றுநர் முதல் தடவையாகக் கண்ணைக் கீழே இறக்கினார். "இருபதாம் நம்பர் தலையாட்டுறாங்க, அதுக்கு எதுக்கு இந்த அலறல்? என்னம்மா, தப்பா சொல்லிட்டேனா?" புத்தகத்தைப் புரட்டினார். முகம் சுருங்கியது. "பத்து மூடி. நூறு இல்ல, பத்து. நூறு ஊத்துனா பயிர் கருகிடும். பாத்தீங்களா? கவனிச்சாத்தானே இது தெரியும்!"

அவர் போனதும் ஹாலில் ஒரே கசமுசா.

"நான் நாளையிலேருந்து வரல," என்றாள் பதினாலாம் நம்பர். அழுகையில் கண்ணாடி நனைந்திருந்தது. "அது ஏதோ ஆவிக்கா. படிக்க ஆசைப்பட்டு படிக்காமப் போன ஆவி."

"அப்படிப் பாத்தா ஊர்ல பாதி ஆவி அதுதான்," என்றாள் மூன்றாம் நம்பர்.

"எனக்கு என் மாமியார்னு தோணுது," என்றது இன்னொரு குரல். "நான் எது செஞ்சாலும் இப்படியேதான் தலையாட்டுவாங்க."

"காத்துடி. மின்விசிறிக் காத்து," என்றாள் ரிஜிஸ்டரக்கா. அவள் குரலை அவளாலேயே நம்ப முடியவில்லை. பதினாலாம் நம்பரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போனா பதினெட்டு. பொம்மையோட பத்தொம்பது. நாளைக்கே எல்லாத்தையும் மூடிருவாங்க. டில்லர் வேற ஊருக்குப் போயிரும். இவங்க மறுபடி வரப்புல நிப்பாங்க. உக்காரு தாயி. வேணும்னா இடம் மாத்தி உக்காரு."

அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு கயிற்றை எடுத்து, பொம்மையின் கழுத்தை நாற்காலிச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். மூன்று முடிச்சு போட்டாள். முடிச்சுப் போடும்போது கறுப்புக் கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"மன்னிச்சுக்கம்மா," என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு, ஓட்டமாக ஓடி பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் காலை கயிறு பயிற்றுநரின் மேஜை மேல் இருந்தது. அவிழ்த்து, வளையம் வளையமாகச் சுற்றி, நுனியைச் செருகி அழகாக வைத்திருந்தது. வயலில் வேலை பார்க்கிறவர்கள் வேலை முடிந்து கயிறு சுற்றி வைக்கிற மாதிரியே.

---

எட்டாம் நாள் நிதி அலுவலகத்திலிருந்து அடுத்த இடி. 'பயிற்சி பெறுவோர் ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் ஐந்து கேள்வி கேட்கப்படும்.'

ரிஜிஸ்டரக்கா நகம் கடித்தாள். இருபதாம் நம்பருக்குப் பதிலாக வேறு ஒருத்தி குரல் மாற்றிப் பேசலாம். மாட்டினால் எல்லாம் போச்சு. யோசித்து யோசித்து, 'இருபதாம் நம்பர் வாய் பேச இயலாதவர், விலக்கு அளிக்க வேண்டுகிறேன்' என்று எழுதிப் போட்டாள். எழுதி முடித்ததும் தன் புத்திசாலித்தனத்தை நினைத்து ஒரு டீ குடித்தாள்.

பதில் ஒரு பக்கத்துக்கு வந்தது. நிதி அலுவலகம் நெகிழ்ந்துபோயிருந்தது. இருபதாம் நம்பருக்கு மட்டும் தனியாக எழுத்துத் தேர்வு. முப்பதாம் நாள் பெண் அதிகாரி ஒருவர் நேரில் வந்து அவரைக் கௌரவிப்பார். அவர் முன்னால் இருபதாம் நம்பர் முகமூடியை எடுத்து எல்லோருக்கும் முகம் காட்ட வேண்டும்.

ரிஜிஸ்டரக்கா மிச்ச நகத்தையும் கடித்தாள்.

"நல்லா இழுத்து விட்டீங்கக்கா," என்றாள் மூன்றாம் நம்பர். "சும்மா இருந்தவளை மேடை வரைக்கும் ஏத்தி விட்டுட்டீங்களே."

விஷயம் கேள்விப்பட்ட பயிற்றுநருக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. "வாய் பேசாதவங்களா? அதான் இவ்வளவு நல்லாப் படிக்கிறாங்க!" என்றார். பிறகு காரைப் பெயர்ச்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். "நேத்து எங்க வீட்டம்மா கேக்குறா, நானும் பயிற்சிக்கு வரட்டுமான்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'எங்க இருபதாம் நம்பர் மாதிரி உன்னால இருக்க முடியுமா? அப்படி இருக்க முடிஞ்சா வா'ன்னேன். அவ்வளவுதான், பேச்சே இல்ல."

பதினொன்றாம் நாளிலிருந்து எல்லாமே வேறு மாதிரி ஆகிவிட்டது. காலையில் பொம்மையின் கோட்டைத் தட்டிச் சரி செய்யப் போன ரிஜிஸ்டரக்கா பாதி வழியில் நின்றாள். கறுப்புக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் லேசாக ஆவி படிந்திருந்தது. அது மெதுவாக மறைந்தது. மறுபடி படிந்தது. மறைந்தது.

வைக்கோல் மூச்சு விடுமா?

அவள் கோட்டைத் தொடாமலே திரும்பி வந்து, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, அன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் தேர்வுத் தாளை இருபதாம் நம்பர் மேஜையில் வைத்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். மறுநாள் காலை தானே உட்கார்ந்து இடது கையால் பதில் எழுதி அனுப்பிவிடலாம் என்பது ரிஜிஸ்டரக்காவின் திட்டம். மறுநாள் வந்து பார்த்தால் தாள் நிறைந்திருந்தது. குண்டு குண்டாக அழகான எழுத்து. எல்லாப் பதிலும் சரி. 'செடியைச் சுற்றி இலைதழை பரப்புவது எதற்கு?' என்ற கேள்விக்கு, ஈரம் காக்க, களை தடுக்க, மண் சூடாகாமல் இருக்க என்று மூன்று காரணம் எழுதி, கீழே ஒரு வரி. 'சார் இரண்டுதான் சொன்னார். மூன்றாவது அவருக்குத் தெரியாது.'

மூன்றாம் நம்பர் அதை உரக்கப் படித்தாள்.  முதல் தடவையாகப் பதினாலாம் நம்பர் சிரித்தாள்.

"ஆவியா இருந்தாலும் நம்ம பக்கத்து ஆவிக்கா."

அதற்குப் பிறகு பயம் ஒரு மாதிரி பழகிப்போனது. போகவில்லை, பழகிப்போனது. இருபதாம் நம்பருக்கு மின்விசிறிக்கு நேர்க்கீழே இடம் ஒதுக்கினார்கள். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்தார்கள். அது தினமும் பாதியாகக் குறைந்தது. யாரும் குறைவதைப் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ஒரே கூட்டமாக வெளியே வருவார்கள். கடைசி ஆளாக இருக்க ஒருத்திக்கும் தைரியமில்லை. கதவைப் பூட்டும்போது ரிஜிஸ்டரக்கா உள்ளே திரும்பிப் பார்க்காமலே, "வரேம்மா," என்பாள்.

இருபதாம் நாள் டில்லர் ஓட்டும் பயிற்சி. வாடகைக்கு ஒரு டில்லர் வந்து சோதனை வயலில் நின்றது.

இதற்கும் ரிஜிஸ்டரக்கா ஒரு வழி வைத்திருந்தாள். "சார், இருபதாம் நம்பருக்குக் கால் வலியாம். உள்ளயே உக்காந்திருக்கட்டும்."

"பாவம், இருக்கட்டும், இருக்கட்டும்."

ஒவ்வொருத்தியாக ஓட்டினார்கள். முதல் ஆள் வரப்பை உடைத்தாள். இரண்டாம் ஆள் வாழைக்குள் புகுந்தாள். டில்லர் மூன்றாம் நம்பரை இழுத்துக்கொண்டு ஓடியது, அவள் அதைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். வயல் முழுக்கச் சிரிப்பு. பத்தொன்பது பேரும் முடித்துவிட்டு வேப்பமர நிழலில் முகமூடியைக் கழற்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்றுநர் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அப்போது டில்லர் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

ரிஜிஸ்டரக்கா எண்ணினாள். மரத்தடியில் பத்தொன்பது.

வயலில் ஒரு மஞ்சள் கோட்டு டில்லரின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்துகொண்டிருந்தது. வயலின் அந்தக் கோடி வரை போனது. கிளட்சைப் பிடித்துத் திருப்பியது. இந்தக் கோடிக்கு வந்தது. நூல் பிடித்த மாதிரி இரண்டு கோடு உழவு. பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு, கையுறையைத் தட்டிக்கொண்டு, ஹாலுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

"கால் வலின்னீங்க?" என்றார் பயிற்றுநர், வாயைப் பிளந்தபடி.

மரத்தடியில் மூன்று பேர் மயக்கமாகிக் கிடந்ததால் ரிஜிஸ்டரக்கா தண்ணீர் தெளிக்க ஓடினாள்.

---

முப்பதாம் நாள் வந்தே விட்டது.

அதிகாரி அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினார். கூர்மையான மூக்கு, கூர்மையான பென்சில். பின்னாலேயே டிரைவர் சான்றிதழ் கட்டைச் சுமந்து வந்தான். வெளியே லாரியில் புது பவர் டில்லர் பளபளவென்று நின்றது. பத்தொன்பது பேரும் அதையே பார்த்தார்கள். உள்ளே வந்த அதிகாரி பென்சிலால் ஒவ்வொரு தலையாகக் குத்திக் குத்தி எண்ணினார்.

"இருபது. சரி."

ரிஜிஸ்டரக்கா ரிஜிஸ்டரை மூடி வைத்தாள். காலையிலேயே முடிவு செய்திருந்தாள். இருபதாம் நம்பரைக் கூப்பிடும் முன்னால் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். தன்னை அனுப்பட்டும், பெண்களை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். எழுந்தாள்.

"மேடம், ஒரு விஷயம்..."

அவள் பேசி முடிக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம். இருபதாம் நம்பர் எழுந்துவிட்டது. வரிசைகளுக்கு நடுவே நடந்தது. அது கடந்த ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருத்தி காலை மேலே தூக்கிக்கொண்டாள். மேடையேறி, அதிகாரி முன்னால் நின்று, கையுறையைக் கழற்றியது. தொப்பியைக் கழற்றியது. பதினாலாம் நம்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியது. முகமூடியை இறக்கியது.

வேர்த்துப்போன, நடுத்தர வயதுப் பெண் முகம். ரிஜிஸ்டரக்காவும் பத்தொன்பது பேரும் அதுவரை பார்த்ததே இல்லை. பார்த்த ஒரே ஆளின் கையிலிருந்து தண்ணீர் டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"அடியே... நீயா?" என்றார் பயிற்றுநர்.

"நான்தாங்க," என்றாள் அவர் மனைவி. "இருபதாம் நம்பர் மாதிரி இருக்க முடிஞ்சா வான்னு சொன்னீங்களே. வந்துட்டேன்."

 மூன்றாம் நம்பரிடமிருந்து ஒரு களுக். அது பரவி, முகமூடிகள் பிய்த்துக்கொண்டு பறக்க, ஹாலே சிரித்தது.

"எப்படிடி? எப்படி உள்ள வந்த?"

"சாவி ஆணியிலதானே தொங்குது. நீங்க குளிச்சுக் கிளம்புறதுக்குள்ள ஸ்டோர் ரூம் பின்கதவு வழியா வந்துருவேன். ஒரு மணிக்கு நீங்க டீக்கடைல உலகத்தைத் திருத்திட்டு வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சோறு வடிச்சுருவேன். இத்தனை நாளா எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தேன். நீங்க நிமிர்ந்து சுவத்தைப் பாத்தீங்க, என்னைப் பாக்கல."

"ஆனா... டில்லர்?"

"கத்துக் குடுத்தது நீங்கதானே?"

அதிகாரி பென்சிலைக் காதில் செருகினார். "ரிஜிஸ்டரைக் குடுங்க. இவங்க பேர் எங்க?"

ரிஜிஸ்டரக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கிழிந்த கடிதம், ஒன்பதே முக்கால் மணி, சாக்குத் தலை, வாய் பேச இயலாதவர் என்று எழுதிய பொய். சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் கல்லாக இருந்தது. பத்தொன்பது பேரும் ஜன்னல் வழியாக டில்லரைப் பார்த்தார்கள், ஊருக்குப் போகிற சொந்தக்காரரைப் பார்ப்பது போல.

"வைக்கோலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கீங்க," என்றார் அதிகாரி.

"ஆமாங்க மேடம். தப்பு என்னோடது. இவங்களத் தண்டிச்சுறாதீங்க."

"அந்தச் சம்மதக் கடிதம் யாரு கேட்டது? எங்க விதியில அப்படி ஒண்ணு இல்லையே."

எல்லோரும் பயிற்றுநரைப் பார்த்தார்கள். பயிற்றுநர் காரைப் பெயர்ச்சியைப் பார்த்தார்.

அதிகாரி அந்தப் பெண்ணிடம் திரும்பி சட்சட்டென்று ஐந்து கேள்வி கேட்டார். மண், விதை, மருந்து, நீர், இஞ்சின். ஐந்துக்கும் பதில் வந்தது. ஐந்தாவதற்கு பயிற்றுநருக்கே பதில் தெரியாதது அவர் முகத்தில் தெரிந்தது. அதிகாரி ரிஜிஸ்டரில் இருபதாம் வரியை அடித்துவிட்டு, புதுப் பெயரை எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே யாரும் எந்தக் கடிதமும் கேக்கக் கூடாது. அடுத்த வருஷத்துக்கும் நிதி வரும். எனக்கு இருபது பேர் வேணும். இன்னைக்கு இருபது உயிருள்ள ஆள் இருக்காங்க. டிரைவர், சான்றிதழைக் குடுப்பா."

பதினாலாம் நம்பர் ஓவென்று அழுதாள். மூன்றாம் நம்பர் லாரியை நோக்கி ஓடினாள். பயிற்றுநர் மனைவிக்குப் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமி, "இப்ப உன் சம்மதக் கடிதத்துல நான் கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார்.

"கையெழுத்தெல்லாம் வேணாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நானும் டில்லரைப் பாக்கணும்."

ரிஜிஸ்டரக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு மாதப் பயம் ஒரே மூச்சில் இறங்கியது. வாசலில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க உசுரை எடுத்துட்டியேம்மா! அந்தப் பொம்மையை என்ன பண்ணின?"

"ஸ்டோர் ரூம்லதான்க்கா. முதல் நாள் நான் வந்தப்பவே அதைப் படுக்க வச்சு, சாக்கைப் போத்தி விட்டேன். அங்கயே கெடக்கு."

"எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா அந்த ஆறாம் நாள் தலையாட்டின பாரு, அதுல பாதி உசுரு போயிருச்சு."

"ஆறாம் நாளா?" அந்தப் பெண் யோசித்தாள். "நான் வந்ததே பதினொண்ணாம் நாள்லேருந்துதானேக்கா. அவர் வான்னு சொன்னப்புறம்தானே வந்தேன்."

"அப்ப கயிறு? கயிறைச் சுத்தி மேஜை மேல வச்சது?"

"எந்தக் கயிறு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் லாரிப் பக்கம் ஓடினாள்.

ரிஜிஸ்டரக்கா அங்கேயே நின்றாள். மின்விசிறிக் காற்றாக இருக்கும். கயிறு அந்த மூன்றாம் நம்பர் குறும்பாக இருக்கும். ஆமாம், அவள்தான். வெளியே இருபது பெண்களும் டில்லரைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சான்றிதழ். எண்ணிப் பார்த்தாள். இருபது. சரியாக இருபது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

ஹாலுக்குள்ளிருந்து டிரைவர் வெறுங்கையோடு வந்தான்.

"மேடம், ஒரு சான்றிதழ் குறையுது. ஸ்டோர் ரூம் வாசல்ல ஒரு அம்மா சாக்கைப் போத்திக்கிட்டு, ரொம்ப நேரமா கையை நீட்டிக்கிட்டே நிக்கிறாங்க."